கடைசி இரண்டு நாள் டானிக் கறியைத் தேற்றுமா?

கேள்வி: உடுமலைப் பக்கம் சொந்தமாகப் பிராய்லர் வளர்த்து, நானே கடையில் கறி போடுகிறேன். கோடையில் கறி வெளுத்துத் தண்ணீர் விடுகிறது. ஃப்ரீசரில் வைத்தால் சிக்கு வாடை வருகிறது. வெட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு வைட்டமின் ஈ, செலினியம் கலந்த டானிக் கொடுத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள்.

சிக்கு வாடைக்கு வைட்டமின் ஈ நிஜமாகவே கைகொடுக்கும். கோழிக் கொழுப்பு காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைவதால் வரும் வாடை அது. வைட்டமின் ஈ தசைச் செல்களின் சவ்வில் சேர்ந்து இதைத் தடுக்கிறது. ஆனால் போதுமான அளவு சேர வாரக்கணக்கில் ஆகும். ஆகவே கடைசி மூன்று, நான்கு வாரம் தீவனத்திலேயே கிலோவுக்கு 200 மி.கி. வருமாறு கலக்க வேண்டும். 50 சதவீதப் பவுடர் என்றால் டன்னுக்கு 400 கிராம். பிரிமிக்ஸில் (தீவனத்தில் கலக்கும் வைட்டமின், தாது உப்புக் கலவை) ஏற்கெனவே உள்ளதைக் கழித்துக்கொள்ளுங்கள். செலினியமும் பிரிமிக்ஸில் இருக்கும். சேர்ப்பது மொத்தம் கிலோவுக்கு 0.3 மி.கி.யைத் தாண்ட வேண்டாம், மிஞ்சினால் நஞ்சு.

அதற்கு முன் தீவனத்தை முகர்ந்து பாருங்கள். அரிசித் தவிடு சீக்கிரம் சிக்கு ஏறும். ஏறிய தவிடு, கலந்த வைட்டமினையே அழித்துவிடும். மீன் தூள் சேர்ப்பதாக இருந்தால் கடைசி வாரங்களில் நிறுத்திவிடுங்கள், அந்த வாடை கறியில் தங்கும்.

தண்ணீர் விடுவது வேறு கதை. வெயிலில் மூச்சிரைத்துத் துவண்ட கோழியை அப்படியே வெட்டினால், உடல் சூடு தணிவதற்குள் தசையில் அமிலம் வேகமாக ஏறுகிறது. சூடும் அமிலமும் சேர்ந்து புரதத்தைச் சிதைப்பதால் சதை வெளுத்து, நீரைப் பிடித்து வைக்க முடியாமல் போகிறது. வெயில் நாட்களில் வைட்டமின் சி, எலக்ட்ரோலைட் (உப்புச்சத்துக் கலவை) கொடுப்பது கோழிக்குக் கொஞ்சம் தெம்பு தரும், அவ்வளவுதான். வெட்டுவதற்கு 8 முதல் 10 மணி நேரம் முன்பு தீவனத்தை எடுத்துவிடுங்கள். கோழியைப் பிடிக்கும் வரை குடிதண்ணீரை நிறுத்தாதீர்கள். இரவில் பிடியுங்கள், கூண்டில் அடைசலாகப் போடாதீர்கள். கடைக்கு வந்ததும் நிழலில் ஃபேன் காற்றில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். வெட்டிய கறியை உடனே ஐஸில் குளிர வையுங்கள். அப்புறம், கறியை வாளித் தண்ணீரில் நெடுநேரம் ஊறப்போடும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வாடிக்கையாளர் வீட்டில் வடிகிற தண்ணீரில் ஒரு பங்கு அதுவாகவும் இருக்கலாம்.