கியர்பாக்ஸ் பாதியில் நிற்கிறதா? இழுக்காதீர்கள்

வணக்கம். மாருதி 800-ல் கிளட்ச் பிளேட் மாற்ற கியர்பாக்ஸை இறக்குகிறீர்கள். போல்ட் எல்லாம் கழற்றியும் எஞ்சினுக்கும் அதற்கும் நடுவே மேல்பக்கம் விரல் நுழையும் அளவு திறந்து நின்றுவிட்டது, கீழே ஒட்டியே இருக்கிறது என்கிறீர்கள். அதற்கு முன் ஒன்று: வண்டி ஹாலோ பிளாக் மேல் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இன்றே அதை மாற்றுங்கள். அந்தக் கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். இரும்பு ஸ்டாண்ட் போடாமல் அடியில் போகாதீர்கள்.

மேலே திறந்து கீழே இறுகினால், கியர்பாக்ஸின் வால், அதாவது எஞ்சினுக்கு எதிர்ப்பக்க முனை, தொங்குகிறது என்று அர்த்தம். அப்போது கியர்பாக்ஸிலிருந்து நீளும் தண்டான இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் சாய்வாகச் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் வராது. அப்படியே தொங்கவிட்டால் பிளேட் வளைந்துவிடும். ஜாக்கியை வால் பக்கம் நகர்த்தி, இடைவெளி சுற்றிலும் ஒரே அளவு ஆகும்வரை மெல்ல உயர்த்துங்கள். தாங்கிப் பிடிக்கும் மவுண்டிங் கழன்றதால் எஞ்சினும் சாயும், அதன் அடியில் பலகை வைத்து இன்னொரு ஜாக்கி கொடுங்கள். அப்புறம் இடவலமாக லேசாக ஆட்டியபடி நேராக இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

நேராக்கியும் ஒரு பக்கம் மட்டும் அசையவில்லையா? ஏதோ ஒரு போல்ட் மிச்சம். அழுக்கைத் துடைத்து, விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரை இடுக்கி நெம்ப வேண்டாம், அலுமினிய முகம் பெயர்ந்துவிடும்.

இறக்கியதும் எஞ்சின் பக்க ஆயில் சீலையும் கிளட்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும் பாருங்கள். சீல் கசிந்தால் ஆயில் பட்டு புது பிளேட்டும் வழுக்கும்.