கிராமத்தில இருந்துகொண்டு கிற்றாரில உலக இசை படிக்க ஏலுமோ?

ஓம், ஏலும். ஒட்டுசுட்டானில இருக்கிறன், கிற்றாரில சினிமாப் பாட்டுத்தான் வாசிக்கிறன், வேற நாட்டு இசையளும் படிக்க ஆசை, இஞ்ச ஆரிட்டப் போறது எண்டு கேட்டிருக்கிறீங்கள். நான் முள்ளியவளையில சனி ஞாயிறில பிள்ளையளுக்கு கிற்றார் பழக்கிறனான், எனக்கும் இதே ஆசைதான், அதால கொஞ்சம் நீட்டாவே எழுதிறன்.

முதல் கோர்ட்ஸ் தேடாதேங்கோ, தாளத்தைப் பிடியுங்கோ. ஸ்பெயினின்ர ஃபிளமெங்கோவில புலேரியாஸ் எண்டு ஒண்டு இருக்கு, 12 எண்ணிக்கை, ஆனா அழுத்தம் 12, 3, 6, 8, 10 எண்டுதான் விழும். என்னட்டப் படிக்கிற ஒரு பெட்டைக்கு இது ரெண்டு கிழமையா வரவே இல்லை, ஒண்டு ரெண்டு எண்டு எண்ணி எண்ணி விரல் இறுகிப்போச்சு. பிள்ளை மிருதங்கம் படிச்சது எண்டு பிறகுதான் எனக்குத் தெரியும். கிற்றாரைக் கீழ வைக்கச் சொல்லிப்போட்டு, தகிட தகிட தக தக தக எண்டு சொல்லிக் கைதட்டு எண்டன். மூண்டு மூண்டு, பிறகு ரெண்டு ரெண்டு ரெண்டு, மொத்தம் 12, சொல்லின் துவக்கத்தில தட்டினா அழுத்தம் எல்லாம் தானா வந்து விழும். அண்டைக்குப் பின்னேரமே பிடிச்சிட்டுது. முகத்தைப் பாத்திருக்கோணும்!

கலியாண வீட்டில பைலா அடிச்சிருப்பீங்கள்தானே, அதுவும் போர்த்துக்கீசர் காலத்துத் தொடர்பில வந்ததுதான், அந்த 6/8 (ஆறு எண்ணிக்கை) ஓட்டம் கையில இருந்தா பாதித் தூரம் வந்திட்டீங்கள்.

மாலி நாட்டுக் கிற்றார்க் கலைஞர் அலி ஃபார்கா தூரேயைக் கட்டாயம் கேளுங்கோ. கிற்றாருக்கு முதல் தன்ர ஊர் நரம்பு வாத்தியங்களைத்தான் அவர் வாசிச்சவர், பிறகு அந்தக் கையையே கிற்றாரில போட்டார். கம்பி மீட்டுற பிக்கைக் கீழ வைச்சிட்டு பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் வைச்சு ஒரு சின்னச் சுற்றைத் திருப்பித் திருப்பி வாசிச்சுப் பாருங்கோ, அரை மணித்தியாலம், அலுக்காது.

எனக்குக் கஷ்டமா இருந்தது எங்கட ஊர்ப் பாட்டுத்தான். ஒரு வைகாசி, வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நேரம், கோவலன் கூத்துப் பாடுற ஒரு அண்ணாவியாருக்குப் பக்கத்தில இருந்து அவர் பாடுறதைக் கம்பியில தேடினன். ஒரு சுரம் மூண்டாம் ஃபிரெட்டிலயும் (கிற்றார்க் கழுத்தில குறுக்கால பதிச்சிருக்கிற உலோகக் கட்டைதான் ஃபிரெட்) இல்லை, நாலாம் ஃபிரெட்டிலயும் இல்லை. அவர் பாட்டை நிப்பாட்டி, "உது படிக்கட்டு மாதிரி நிண்டு நிண்டெல்லோ போகுது, பாட்டு அப்பிடி நிக்காது தம்பி" எண்டார். இதே பிரச்சினைக்குத்தான் ஆங்கிலேயக் கிற்றார்க் கலைஞர் ஜோன் மெக்லாக்லின் 1970களில இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில வாசிக்கேக்க ஃபிரெட்டுகளுக்கு இடையில மரத்தைக் குழிவாச் செதுக்கின கிற்றார் வைச்சிருந்தார், வீணையும் படிச்சவர் அவர். கர்நாடக இசை வாசிக்கிற பிரசன்னா சாதாரண கிற்றாரிலயே கம்பியை இழுத்தும் வழுக்கியும் கமகம் (சுரத்தை அசைச்சு வாசிக்கிறது) எடுக்கிறார். நீங்கள் ஒண்டையும் செதுக்க வேண்டாம், மெல்லிய கம்பி போடுங்கோ, வாயால பாடிக்கொண்டே அந்தச் சுரம் வரும்வரை இழுங்கோ. நான் அண்ணாவியாரின்ர அந்த ஒரு வரிக்கு நாலு மாசம் எடுத்தன்.

ஒரு நேரத்தில ஒரு நாட்டு இசையை மட்டும் எடுங்கோ, எல்லாத்தையும் கலந்தா ஒண்டும் ஒட்டாது. ஒட்டுசுட்டான் கிட்டத்தானே, ஒரு சனிக்கிழமை பின்னேரம் இஞ்சால வாங்கோ, கைதட்டில தொடங்குவம், அண்டைக்குக் கிற்றார் கொண்டு வராட்டிலும் பரவாயில்லை.