உயிரியல் படித்தால் டாக்டர்தானா? தலவாக்கலைத் தாய் ஒருவருக்கு

அம்மா, உங்கள் பதற்றம் நியாயமானதுதான். உயர்தரத்தில் உயிரியல் எடுத்த மகள், "மெடிசின் வேண்டாம், முட்டைக்கலத்துக்குள் புரதங்கள் என்ன செய்கின்றன என்று ஆராயப் போகிறேன்" என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. அதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் அவளைப் பிடித்திழுத்த விஷயம் என்னவென்று கொஞ்சம் பாருங்கள்.

பெண் குழந்தை பிறக்கும் முன்பே அதன் முட்டைக்கலங்கள், மரபணுக்களைச் சுமக்கும் நிறமூர்த்தங்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒடுக்கற்பிரிவு என்ற கலப்பிரிவைத் தொடங்கி, பாதியில் நின்றுவிடுகின்றன. அவள் பருவமடைந்த பிறகு, ஒவ்வொரு முட்டையும் முதிரும்போதுதான் அது தொடரும். நாற்பது வயதில் முதிரும் முட்டை என்றால் அத்தனை வருடமும் காத்திருந்திருக்கிறது! அதுவரை நிறமூர்த்தங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கோஹீசின் என்ற புரதத் தொகுதி. வயது கூடக்கூட அது குறைகிறது, அதனால் நிறமூர்த்தங்கள் சரியாகப் பிரியாமல் முட்டையில் ஒன்று கூடிப்போகலாம். பிந்திய வயதுத் தாய்மாருக்கு டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு கூடுவதற்கு இதை ஒரு முக்கிய காரணமாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, மற்ற கலங்களில் நிறமூர்த்தங்களைப் பிரித்தெடுக்கும் கதிர் என்ற நுண்ணிழை அமைப்பை உருவாக்க உதவும் புன்மையத்திகள் என்ற நுண்ணுறுப்புகள் மனித முட்டையில் இல்லை. நிறமூர்த்தங்களைச் சுற்றியே கதிர் மெதுவாக உருவாகிறது. ஏறக்குறைய 16 மணித்தியாலம் ஆகும். அதுவும் அடிக்கடி நிலைகுலைந்துவிடும். எலி, மாடு, பன்றி முட்டைகளில் கதிரை உறுதிப்படுத்தும் கேஐஎஃப்சி1 என்ற புரதம் மனித முட்டையில் குறைவு என்று ஜெர்மனியின் கோட்டிங்கனில் மெலினா ஷூவின் குழு 2022இல் காட்டியது. வெளியிலிருந்து அதைச் செலுத்தியதும் கதிர் நிலைபெற்றது. பிள்ளைப்பேற்றுக்காக ஏங்கும் எத்தனையோ பேருக்கு நாளைக்கு உதவக்கூடிய வேலை இது. வீண் ஆசை என்று சொல்லிவிடாதீர்கள்.

சரி, வழி என்ன? பேராதனை விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியலுக்கும் உயிர்த்தொழில்நுட்பத்துக்கும் தனித் துறையே இருக்கிறது. கால்நடை மருத்துவ பீடமும் நாட்டில் அங்கு மட்டுந்தான். மாட்டு முட்டைக்கலம், முளையம் (ஆரம்ப நிலைக் கரு) பக்கம் போக அது நல்ல வாசல். மருத்துவப் படிப்பு இல்லாமலே கருத்தரிப்பு நிலைய ஆய்வுகூடங்களில் முளையவியலாளராகவும் சேரலாம். ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன்: ஆராய்ச்சியாளராக வேண்டுமென்றால் முதல் பட்டம் மட்டும் போதாது, கலாநிதிப் பட்டம் வரை போக வேண்டும். வெளிநாட்டில் பல இடங்களில் அதற்கு மாதக் கொடுப்பனவு தருவார்கள், ஆகவே நிலத்தை விற்கத் தேவையில்லை.

இப்போதைக்கு அவள் இரசாயனவியலை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும். புரதத்தைப் படிக்க அதுதான் அடிப்படை. பல்கலைக்கழகத்தில் பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழ் மொழிமூலப் பிள்ளை முதல் வருடம் தடுமாறுவது அங்கேதான். பெறுபேறு வந்த பிறகு வகுப்புத் தேடாமல் இப்போதே வாசிக்கப் பழகட்டும்.

அப்புறம், பல்கலைக்கழக விண்ணப்பத்தின் விருப்ப வரிசை. உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளிக்கு எட்டும் தெரிவுகளில் மேலே எழுதியதுதான் கிடைக்கும். உங்களுக்காக மருத்துவத்தை முதலில் போட்டு, அது கிடைத்துவிட்டால் விஞ்ஞான பீடம் கைவிட்டுப் போகும். படிவம் நிரப்பும் முன் இருவரும் சேர்ந்து ஒரு தடவை வாருங்கள். அவள் எழுதிய வரிசையை வைத்துக்கொண்டு பேசுவோம்.