4294967297 பகா எண்ணா?

கேள்வி: 4294967297 ஒரு பகா எண் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் பெர்மா நம்பினார் என்றும், அது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்று சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் காட்டினார் என்றும் படித்தேன். கணிப்பொறி இல்லாத காலத்தில் பத்து இலக்க எண் ஒன்றின் வகுத்தியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பதில்: கையால் வகுத்துத்தான் பார்த்திருக்க வேண்டும், ஆனால், எவற்றால் வகுத்தால் போதும் என்று தெரிந்துகொண்டு வகுத்தால் வேலை வெகுவாகக் குறைந்துவிடும்.

நீங்கள் குறிப்பிடும் எண், 2இன் 32ஆம் அடுக்குடன் 1ஐக் கூட்டக் கிடைப்பது. அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும்போது கிடைக்கும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாகவே அமைவதைக் கண்ட பெர்மா, இவ்வரிசை முழுவதும் அப்படியே இருக்கும் என்று 1640இல் எழுதினார். அடுத்த எண்ணே அதைப் பொய்யாக்கியது.

நேர்வழியில் சோதிப்பதானால், இதன் வர்க்கமூலம் 65536ஐ ஒட்டியிருப்பதால், அதற்கு உட்பட்ட 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க நேரலாம். ஆய்லர் 1732இல் 641ஐ அறிவித்தபோது, அதை அடைந்த வழியைச் சொல்லவில்லை; பின்னாளில் எழுதிய கட்டுரையில்தான், இவ்வெண்ணுக்குப் பகா வகுத்தி இருந்தால் அது 64இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க முடியும் என்று நிறுவினார். 65, 129, 193 என்று 64, 64ஆகக் கூட்டிச் சென்று பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது வகுத்தலிலேயே விடை கிடைத்துவிடுகிறது. மற்றொரு காரணி 6700417. இந்நிறுவலுக்கு அடிப்படையாக நிற்பது பெர்மாவே அதே 1640இல் அறிவித்த ‘சிறிய தேற்றம்’ (ஒரு பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அப்பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அப்பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும் என்பது) என்பதுதான் வேடிக்கை. கருவியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் எப்படித் தவறவிட்டார் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே உள்ளது.

விடை தெரிந்த பிறகு, வகுக்காமலேயே சரிபார்க்கலாம். 641 என்பது 625உடன் 16ஐக் கூட்டியது. 640 என்பது 5ஐ 2இன் 7ஆம் அடுக்கால் பெருக்கியது. எனவே 640இன் 4ஆம் அடுக்கு, 625ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்குவதற்குச் சமம். 640 என்பது 641ஐவிட ஒன்று குறைவு என்பதால், அதன் 4ஆம் அடுக்கை 641ஆல் வகுத்தால் மீதி 1 வரும்; எனவே அதில் 1ஐக் கழித்தால் வரும் எண் 641ஆல் வகுபடும். 641ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கிய எண்ணும் வகுபடும் என்பது வெளிப்படை. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 625 உள்ள பகுதிகள் அடிபட்டுப்போய், 16ஐ 2இன் 28ஆம் அடுக்கால் பெருக்கியதும் கூடுதலாக ஒன்றும், அதாவது 4294967297 மட்டுமே, மிஞ்சும்.

கேள்வி: இவ்வரிசையில் 65537க்குப் பிறகு வேறு பகா எண் உண்டா?

பதில்: இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. இவ்வரிசையில், அடுக்கு 2இன் 5ஆம் அடுக்காக (அதாவது 32ஆக) உள்ள 4294967297இலிருந்து, அடுக்கு 2இன் 32ஆம் அடுக்காக உள்ள எண் வரை எல்லாம் பகு எண்களே என்று நிறுவப்பட்டுவிட்டது. அதற்கு அடுத்த எண்ணோ 250 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கொண்டது. அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது இன்னும் முடிவாகவில்லை.