கேள்வி – பதில்: ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு கிளஸ்டர்

கேள்வி: மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பல இயந்திரங்களை ஒரே கூட்டமாக (கிளஸ்டராக) இணைத்து நிரல்களை ஓட்டும் குபெர்நெட்டீசைக் கற்றுக்கொள்ளும் ஆசையில், பெரிய கிளவுட் நிறுவனம் ஒன்றின் ஆயத்த கிளஸ்டர் சேவையை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அதில் நான் ஏற்றி வைத்தது ஒரே ஒரு சின்ன இணையதளம்தான். ஆனாலும், மாதத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஆயிரம் ரூபாயை அந்த ஒரு வாரமே விழுங்கிவிட்டது. எங்கே தவறினேன்? இந்தத் தொகைக்குள் கிளவுடில் ஒரு கிளஸ்டர் வைத்துக்கொள்ள வழியுண்டா?
– வாசகர், விருதுநகர்

பதில்: உங்கள் இணையதளத்துக்கும் அந்தத் தொகைக்கும் அநேகமாகச் சம்பந்தமே இருக்காது. ஆயத்த கிளஸ்டரில் நாம் ஏற்றும் நிரலைவிட, அதைச் சுற்றி இரவும் பகலும் விழித்திருக்கும் உறுப்புகளுக்குத்தான் கூடுதலாகப் பணம் போகிறது. உதாரணத்துக்கு அமேசானின் இகேஎஸ் சேவையை எடுத்துக்கொண்டால், கிளஸ்டரை மேலாளும் கட்டுப்பாட்டுத் தளத்துக்கு மட்டும் மணிக்கு 10 சென்ட், அதாவது மாதத்துக்கு ஏறத்தாழ 73 டாலர் கட்டணம். கிளஸ்டரில் நிரல்களை ஓட்டும் இயந்திரம், அதாவது நோடு, ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். போதாததற்கு, வழக்கமான ஆதரவுக் காலம் முடிந்த பழைய பதிப்பிலேயே கிளஸ்டரை விட்டுவைத்தால் அதே கட்டணம் மணிக்கு 60 சென்டாக உயர்ந்துவிடும். கூகுளும் மணிக்கு 10 சென்ட்தான் வாங்குகிறது என்றாலும், ஒரு சிறிய கிளஸ்டருக்கான கட்டணத்தை ஈடுகட்டும் அளவுக்கு மாதாந்திரச் சலுகைத் தொகை தருகிறது. டிஜிட்டல் ஓஷனில் கட்டுப்பாட்டுத் தளத்துக்கு அடிப்படை நிலையில் கட்டணமே இல்லை. ஆனால் இவை எல்லாவற்றிலும் நோடுகளுக்கும், வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் லோடு பேலன்சருக்கும், டிஸ்க்குக்கும் தனித்தனியே மீட்டர் ஓடும்.

ஆகவே, ஆயத்த சேவையை இப்போதைக்கு விட்டுவிட்டு, இரண்டு சாதாரண மெய்நிகர் இயந்திரங்களை எடுத்து அவற்றில் நீங்களே கே3எஸ் நிறுவிக்கொள்ளுங்கள் என்பதே என் பரிந்துரை. குபெர்நெட்டீசின் மெலிந்த வடிவமான இது ஒற்றைக் கோப்பாக இறங்குகிறது. தகவல்களைச் சேமிக்க எட்சிடி என்ற தரவுத்தளத்துக்குப் பதிலாக எளிய எஸ்கியூலைட்டைப் பயன்படுத்துவதால் 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடிவிடுகிறது. ட்ராஃபிக் என்ற நுழைவாயிலும், லோடு பேலன்சரின் வேலையை நோடின் சொந்த 80, 443 போர்ட்டுகளிலேயே (இணைப்பு வாசல்களிலேயே) முடித்துத் தரும் சிறு நிரலும் கூடவே வருவதால், கிளவுட் நிறுவனத்தின் லோடு பேலன்சரை வாடகைக்கு எடுக்கும் அவசியம் இல்லை.

கணக்கைப் பாருங்கள்: பெங்களூரிலும் தரவு மையம் வைத்திருக்கும் டிஜிட்டல் ஓஷனில் 2 ஜிபி இயந்திரம் மாதம் 12 டாலர், மணிக்கு ஏறத்தாழ 1.8 சென்ட். இரண்டை மாதம் முழுதும் ஓட்டினால் 24 டாலர், உங்கள் பட்ஜெட்டில் அடங்காது. நாளுக்கு இரண்டு மணி நேரம் பயின்றுவிட்டு அழித்துவிட்டால், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தாலும் மாதம் 300 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ‘அழித்துவிட்டால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். டிஜிட்டல் ஓஷனில் இயந்திரத்தை அணைத்து வைத்தாலும் கட்டணம் நிற்பதில்லை, நீக்க வேண்டும். அமேசானில் அணைத்தால் இயந்திரக் கட்டணம் நின்றுவிடும், டிஸ்க் கட்டணம் மட்டும் தொடரும். தினமும் அழித்துக் கட்டுவது சலிப்பாயிற்றே என்று தோன்றலாம். அந்தச் சலிப்பினாலேயே நான் நிறுவும் படிகளை ஒரு ஸ்கிரிப்டாக எழுதக் கற்றுக்கொண்டேன்.

முதல் இயந்திரத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கும். இரண்டாவதை இணைக்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது. புதிய நோடு முதல் நோடின் 6443 டிசிபி போர்ட்டைத் தொட்டால் போதும், பட்டியலில் ‘ரெடி’ என்று வந்து நின்றுவிடும், நாமும் நம்பிவிடுவோம். பிறகு பார்த்தால், முதல் நோடில் விழுந்த பாட் (நிரலை ஓட்டும் சிறு உறை) தரவுத்தளத்தின் பெயரைச் சொன்னதும் கண்டுபிடிக்கிறது, இரண்டாவது நோடில் விழுந்த அதே பாட் பெயர் தெரியாமல் விழிக்கிறது. பெயர்களுக்கு விடை சொல்லும் கோர்டிஎன்எஸ் பாட் ஒன்றே ஒன்றுதான், அதுவும் முதல் நோடில் இருக்கிறது. நோடுகளுக்கிடையே பாட்களின் பேச்சைச் சுமந்து செல்லும் ஃபிளானல், 8472 யுடிபி போர்ட்டைக் கேட்கிறது. அதை ஃபயர்வால் மூடி வைத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் நான் இதில் தொலைத்தேன். அந்தப் போர்ட்டை இரண்டு நோடுகளுக்கு இடையில் மட்டும் திறந்துவிடுங்கள். உலகுக்கே திறந்துவைத்தால் உங்கள் கிளஸ்டரின் உள் வலையமைப்புக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம்.

6443 போர்ட்டையும் வெளியே காட்ட வேண்டியதில்லை. கே3எஸ் தரும் கட்டமைப்புக் கோப்பில் முகவரி 127.0.0.1 (அதே கணினி) என்றே இருக்கும்; எஸ்எஸ்எச் சுரங்கம் (மறையாக்கிய தொலை இணைப்பு) ஒன்றைப் போட்டுக்கொண்டால், அந்தக் கோப்பைத் திருத்தாமலே மடிக்கணினியிலிருந்து வேலை பார்க்கலாம்.

கேள்வி: கிளஸ்டரை அழித்த பிறகும் அடுத்த மாதம் ஒரு சிறு தொகை பில்லில் வந்தது. இது எப்படி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: எனக்கும் வந்திருக்கிறது. ஆயத்த சேவையில் நிரலை வெளியுலகுக்குக் காட்டும் லோடு பேலன்சர் வகை சர்வீசை உருவாக்கும்போது, கிளஸ்டர் உங்கள் சார்பாகக் கிளவுடில் மெய்யான ஒரு லோடு பேலன்சரை எழுப்புகிறது. நிலையான சேமிப்பிடம் கேட்டால் டிஸ்க் ஒன்றை வாங்கி வைக்கிறது. அவற்றை எடுத்துப்போட வேண்டிய நிரலும் கிளஸ்டருக்குள்தான் இருக்கிறது. கிளஸ்டரை முதலில் அழித்துவிட்டால், அந்த லோடு பேலன்சரும் டிஸ்க்கும் கேட்பாரற்றுக் கிடந்து வாடகை கேட்கும். எனவே முதலில் சர்வீஸ்களையும் சேமிப்பிடக் கோரிக்கைகளையும் நீக்கி, அவை மறைந்தனவா என்று கிளவுடின் பக்கத்தில் பார்த்த பின்னரே கிளஸ்டரை நீக்குங்கள். பட்ஜெட் எச்சரிக்கை வைத்திருக்கிறேனே என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது மின்னஞ்சல் அனுப்புமே தவிர, எதையும் நிறுத்தாது.

கேள்வி: குபெர்நெட்டீஸ் நிர்வாகிகளுக்கான சிகேஏ சான்றிதழ்த் தேர்வுக்குக் கே3எஸ் போதுமா?
– வாசகர், மதுரை

பதில்: பெரும்பகுதிக்குப் போதும். எட்சிடியைப் பிரதியெடுத்து மீட்பது போன்ற பயிற்சிகளுக்கு எஸ்கியூலைட் கே3எஸ் உதவாது. அதற்குக் கிளவுடுக்கே போக வேண்டியதில்லை. 8 ஜிபி மடிக்கணினியில் டாக்கரும், அதற்குள் கிளஸ்டரை எழுப்பித் தரும் கைண்ட் என்ற கருவியும் இருந்தால், எட்சிடியுடன் கூடிய முழுக் கிளஸ்டர் சில நிமிடங்களில் எழுந்துவிடும், செலவும் இல்லை.