இரவுக் காப்பகம் கேட்டு மனு எழுதுவது எப்படி?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் எங்கள் தமிழ்ச் சங்கத்தார் சேர்ந்து, மேம்பாலத்தடியில் படுக்கும் குடும்பங்களுக்காக மாநகராட்சிக்கு மனு கொடுக்கப் போகிறோம். எப்படி எழுதினால் எடுபடும்?

பதில்: "இவர்களுக்கு ஏதாவது செய்யுங்கள்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்த 'ஏதாவது', மாநகராட்சி லாரி வந்து சட்டி பானையை அள்ளிப் போவதாகக்கூட முடியலாம். எத்தனை பேருக்கு, என்ன, எந்த விதிப்படி என்று கேளுங்கள்.

விதி இருக்கிறது. 2010-இல் உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. 2013-இல் வந்த மத்திய அரசுத் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமும் அதையே சொல்லி, ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி, ஆண்டு முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று வகுத்தது. 2011 கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள்தொகை சுமார் 1.24 கோடி, அப்படியானால் ஏறக்குறைய 124 காப்பகங்கள். வீடற்றவர்கள் 57,000-க்கு மேல் என்கிறது அதே கணக்கு.

உங்கள் பகுதிக் கணக்கை நீங்களே எடுங்கள். ராத்திரி 11 மணிக்கு மேல் போனால்தான் சரியாக வரும். ஆனால் முன்பின் தெரியாதவர் நோட்டும் கையுமாக நின்றால், பிச்சைத் தடுப்புச் சட்டத்தில் பிடித்துச் செம்பூரில் உள்ள பிச்சைக்காரர் இல்லத்துக்குக் கொண்டுபோக வந்தவர் என்று பயந்து எழுந்து ஓடுவார்கள். அதனால் முதலில் பகலில் போய் உட்கார்ந்து பேசுங்கள். கணக்கெடுக்க அவர்களில் இரண்டு பேரையே கூட்டிக்கொள்ளுங்கள். சயான் மருத்துவமனை வாசலில் படுக்கும் நோயாளியின் உறவினருக்கு வேண்டியது சில வாரத் தங்கல். விடியுமுன் தாதர் சந்தையில் பூ எடுத்துக் கட்டி விற்கும் பெண்ணுக்கு, நடக்கிற தூரத்தில் குடும்பத்தோடு தங்க இடம் வேண்டும். எங்கோ தள்ளி, ஆண்களுக்கு மட்டும் என்று ஒரு கூடத்தைத் திறந்தால் அவள் போகமாட்டாள். அப்புறம் 'கொடுத்தும் வரவில்லை' என்று கோப்பை மூடிவிடுவார்கள்.

மனுவோடு, மாட்டுங்கா அடங்கிய எஃப் வடக்கு வார்டு அலுவலகத்தில் ஒரு தகவல் உரிமை விண்ணப்பமும் போடுங்கள்: வார்டில் எத்தனை காப்பகம், பெண்களுக்கும் குடும்பங்களுக்கும் எத்தனை, ஒதுக்கிய பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு? கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள்.

வாக்காளர் பட்டியலிலும் அவர்கள் பெயரைச் சேர்க்க உதவுங்கள். முகவரிச் சான்று தேவையில்லை. பெயர் சேர்ப்பதற்கான படிவம் 6-இல் படுக்கும் இடத்தைக் குறித்தால், வாக்குச்சாவடி அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. ஓட்டு இருந்தால் நகரசேவகர் (மாநகராட்சி உறுப்பினர்) காது கொடுப்பார்.

1961-இல் பஞ்சம் பிழைக்கச் சேலத்திலிருந்து மும்பைக்கு வந்த கூலித் தொழிலாளி ஒருவர், 1981-இல் நடைபாதைக் குடிசை இடிபட்டு, குடும்பத்தோடு பஸ்ஸில் ஊருக்கு அனுப்பப்பட்டார். வேலை தேடித் திரும்பி வந்தார். பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது அவரும் மனுதாரராக இருந்த வழக்கில்தான். இதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

காப்பகம் வர நாளாகும். அதுவரை குடிநீர்க் குழாய், ராத்திரியிலும் காசில்லாமல் போக ஒரு கழிப்பறை, மழைக்கு முன் தாட்பத்ரி (தார்ப்பாய்) ஆகியவற்றைத் தனி மனுவாகக் கேளுங்கள். வார்டு அலுவலகத்துக்குப் போகும்போது அந்தப் பூக்காரம்மாவே முதலில் பேசட்டும்.