பொறாமையும் வயிற்றெரிச்சலும்

கேள்வி: நான் புதிதாகத் தையல் எந்திரம் வாங்கியதைப் பார்த்த தோழி, "உன்னைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறதடி" என்று சிரித்தபடி சொன்னாள். அதை எப்படி எடுத்துக்கொள்வது? பொறாமை, அழுக்காறு, வயிற்றெரிச்சல் மூன்றும் ஒரே பொருளைத்தான் தருகின்றனவா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பாராட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். 'பொறு' என்னும் வினையின் எதிர்மறையிலிருந்து வந்த பொறாமை, பிறருக்கு வந்த நன்மையைக் கண்டு பொறுக்க மாட்டாத மனநிலையைக் குறிக்கிறது. திருக்குறளில் பொறையுடைமை 16ஆம் அதிகாரம். அழுக்காறாமை அதற்கு அடுத்தது. பிறர் செய்த தீங்கைப் பொறுக்கச் சொன்ன கையோடு, பிறர் பெற்ற ஆக்கத்தையும் பொறுக்கச் சொல்கிறார் வள்ளுவர் என்றே நான் படிக்கிறேன். இரண்டாவதுதான் கடினம் என்பது என் எண்ணம்.

அழுக்காறு என்பதற்கும் இதே பொருள்தான். ஆனால் இன்று அது ஏட்டில் மட்டுமே வாழ்கிறது. 'ஔவியம் பேசேல்' என்று ஆத்திசூடியில் நாம் ஒப்பித்த ஔவியமும் பொறாமையே.

பேச்சு வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. 'பொறாமையாக இருக்கிறது' என்பதை நம்மைப் பற்றி, அதுவும் எதிரில் இருப்பவரிடமே சொல்கிறோம். 'பொறாமை பிடித்தவள்' என்பதையோ அடுத்தவரைப் பற்றி, பெரும்பாலும் அவர் இல்லாதபோது சொல்கிறோம். உண்மையிலேயே பொறுக்க முடியாதவர் அந்தச் சொல்லை வாயால் சொல்ல மாட்டார், எந்திரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதற்கா இவ்வளவு கொடுத்தாய்?" என்றுதான் கேட்பார்.

வயிற்றெரிச்சல் என்னும் சொல்லைத்தான் கவனமாகக் கையாள வேண்டும். 'நாங்கள் வீடு கட்டியதில் அவனுக்கு ஒரே வயிற்றெரிச்சல்' என்னும்போது அது பொறாமை. யாழ்ப்பாணத்தார் இதை 'எரிச்சல்' என்றே சொல்வார்கள். ஆனால் 'அந்தக் கிழவியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ளாதே' என்று பெரியவர்கள் தடுக்கும்போது, அங்கே இருப்பது வஞ்சிக்கப்பட்டவரின் வேதனை. நாள் முழுதும் களையெடுத்துவிட்டுக் கூலிக்காக நான்கு நாள் வாசலில் நிற்க வைக்கப்பட்ட பெண், "வயிறு எரியுதய்யா" என்று சொல்லிப் போவதை நான் கேட்டிருக்கிறேன். கொடுக்க வேண்டியவரோ, தம் வசதியைக் கண்டு அவள் பொறாமைப்படுவதாக அக்கம்பக்கத்தில் சொன்னார். அந்தப் பெண்ணின் எரிச்சலைப் பொறாமை என்று சொல்லித் தள்ளுவதற்கு நம் மொழியில் இடமே இல்லை. அவள் கேட்டது அவளுடைய கூலியை.